அடிநிறம்

நிந்தவூர் றிஸ்மியிடம் வாங்கின பன்னிரண்டு முட்டை
கொண்டக்டர் சீட்டுக்குக் கீழே, உமிப் பெட்டிக்குள்,
டிக்கெட் எடுக்காமல் வந்தன.
பெரியகல்லாறு பாலத்தடியில் மாடொன்று குறுக்கே வர
சாரதி மிதித்த பிறேக்கில்
ஓடு ஒன்றும் வெடிக்கவில்லை.
உள்ளேதான் என்னவோ கலைந்திருக்க வேண்டும்.
இருபத்தோராம் நாள்
ஏழு மட்டும் கொத்திக்கொண்டு வெளியே வந்தன.

றோட் ஐலண்ட் சிவப்பு.
சிவப்பாயிருந்தால் சுத்த இனம் என்று
ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.
களுவாஞ்சிக்குடி டிப்போவில் கழித்துப்போட்ட
வேபில் தாள்களின் பின்பக்கம் குறிப்பு எழுதினேன்.
கால் மஞ்சள். காதுச்சோணையில் வெள்ளை இல்லை.
கொண்டையில் ஐந்து முள்.
முதுகு செங்கல் மாதிரி நீளம், தட்டை.
'தட்டை' என்றால் என்னவென்று
கைக்குத் தெரிய மூன்று தாள் போனது.
கால்களுக்கு நிற நிறமாய்க் கேபிள் டை.
பெயர் வைக்காதே என்று சொல்லியும்
நீலக்காலனுக்கு மகள் தனுக்ஷிகா
'டிரைவர்' என்று வைத்துவிட்டாள்.

எட்டாம் மாதம், ஒரு போயா லீவு.
ஒவ்வொன்றாய் மடியில் கவிழ்த்து
றிஸ்மி போனில் சொன்னபடி
முதுகிறகை எதிர்ப்பக்கமாய் ஊதினேன்.
மேலே சிவப்பு.
அடியில் அடுப்புச் சாம்பல்.
மறுகா அடுத்தது.
அதுவும் சாம்பல்.

இதே றோட்டில்
பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கி
இனம் பார்த்த காலம் இருந்தது.
நான் சீசன் டிக்கெட்டுப் பெடியன்.
டோர்ச் வெளிச்சத்தில் ஒருவன்
என் முகத்தை மெதுவாக வாசித்தான்.

ஊதின மூச்சு பாதியில் நின்றது.
கோழி திரும்பிப் பார்த்தது,
ஒரு கண்ணால்தான், அதுகளின் வழக்கப்படி.
வளவைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு வந்து
கோழிக்கு மட்டும், கோழிக்கு மட்டும் என்று
எனக்கே சொல்லிக்கொண்டு
மூன்றாவதைத் தூக்கினேன்.

டிரைவரில்தான் எனக்கு உயிர்.
கறுப்பு வாலில் வண்டுப் பச்சை மினுங்கும்.
மூன்று கிலோ இருநூறு.
முதல் பஸ் கிளம்ப முன்னமே ஹோர்ன் அடிப்பான்.
ஊதினால் தோல் மட்டும் சிவப்பு.
கொண்டையின் பின்னடியில், பக்கவாட்டில்,
நெல்லுமுனை அளவில் ஒரு ஆறாவது முள்.
றிஸ்மி தந்த போட்டோக் கொப்பியில்
அதற்கு ஒரே சொல்: கழி.

நகவெட்டியை எடுத்தது உண்மை.
ஒரு கடி, ஒரு துளி, கொஞ்சம் மஞ்சள்.
ஆர் காணப்போகிறார்கள்?

அம்பாறையிலிருந்து வந்த ரணவீர
மோட்டார்சைக்கிளை விட்டு இறங்காமலே
பத்தாயிரத்தை எண்ணி நீட்டினார்.
மிச்சக்காசு பிறகு தாறன் என்று சொல்லி
எத்தனை பேரை இறக்கிவிட்டவன் நான்.
அதே கைதான்
கொண்டையை விலக்கி முள்ளைக் காட்டியது.
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.
அவர் குனிந்து பார்த்தார்.
பாதிக் காசை மடித்துப் பைக்குள் வைத்தார்.
"எங்கட பேடுகளுக்கு எண்ணத் தெரியாதுதானே,"
என்றார், உடைந்த தமிழில்.
டிரைவர் சாக்குக்குள் இருந்தபடியே
ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான்.
தனுக்ஷிகா மூன்று நாள்
என்னோடு கதைக்கவில்லை.

மிஞ்சியது பச்சைக்காலன்.
கூவப் பிந்தினவன். பெயரில்லாதவன்.
தூரத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை.
முதுகில் கை வைத்தால் பலகை.
ஊதினால் அடிவரை சிவப்பு.
தேறின இரண்டு பேடுகளோடு அவனை விட்டேன்.

நேற்று ஆறு முட்டையோடு
றிஸ்மியிடம் போனேன்.
பெரியகல்லாறு பாலம் வர முன்னமே
பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.
பக்கத்தில் நின்றவர்,
"என்ன தம்பி, நல்ல இனமா?" என்றார்.

இன்னும் தெரியாது என்றேன்.