விட்டுப்போன கால்

இரவு இரண்டு பத்துக்கு லைன் டிரிப் ஆனது.
தருமபுரி கண்ட்ரோல் ரூமில் ரிலே
பச்சை எழுத்தில் தூரம் சொன்னது:
இருபத்து நான்கே முக்கால் கிலோமீட்டர்.
பாலக்கோட்டுப் பக்கம், எண்பத்து மூன்றாவது டவர்.
நம்பினேன். அதற்குத்
தூரம் அளக்க எண் கொடுத்தவளே நான்தான்.

மாதையனும் திம்மராயனும் போனார்கள்.
ஐப்பசி மழை. தக்காளிக் காட்டுச் சேறு.
செடிக்கு நட்ட குச்சிகள் டார்ச் வெளிச்சத்தில்
ஆள் நிற்பதுபோல் நின்றனவாம்.
"இங்க ஒண்ணும் காணங்க மேடம்."
எண்பத்து நான்கு. "இங்கயும் இல்லைங்க."
பிறகு திரும்பி எண்பத்திரண்டு, எண்பத்தொன்று.
ஒவ்வொரு போனிலும் மழைச்சத்தம் கூடியது.
விடியும்போது எண்பதில் கிடைத்தது
வெடித்த பீங்கான் தட்டும்
கம்பியில் கருந்தழும்பும்.

லைன் உயிர்பெற்றதும் பழைய நோட்டை எடுத்தேன்.
மூன்று கம்பிகள், இடையே மூன்று தூரங்கள்.
பெருக்கிக் கனமூலம் எடுத்திருக்கிறேன், சரி.
கம்பியின் ஆரத்தால் வகுத்து, மடக்கை...
அங்கேதான்.

வெளியே வளையம் வளையமாய் விரியும் காந்தத்தை எண்ணியவள்
கம்பிக்குள்ளேயே சுருண்டு கிடப்பதை எண்ணவில்லை.
ஒற்றைத் திண்மக் கம்பிக்கு அது சரியாகக் கால்.
நம்முடையது நடுவில் எஃகு வைத்து முறுக்கிய அலுமினியம்;
காலுக்குக் கொஞ்சம் குறைவு.
ஆறேகாலுக்கு மேல் வரவேண்டியது
ஆறும் சொச்சமுமாய் நின்றிருக்கிறது,
மூன்று வருடமாக, என் கையெழுத்தோடு.

கிலோமீட்டருக்கு நான் குறைத்து எழுதியதால்
மொத்தக் கிலோமீட்டரை அது கூட்டிச் சொன்னது.
பொய் சொல்லத் தெரியாத பெட்டி.

நான் விட்டது கால்.
அவர்கள் நடந்தது முக்கால்,
எண்பத்து நான்கு வரை போனதைச் சேர்க்காமல்.

மில்லி ஹென்றியில் இரண்டாவது தசமம்:
மூன்றை அடித்து ஏழு என்று எழுதினேன்.
ரிலேயில் ஏற்றிவிட்டு ஸ்டோர் ரூமுக்குப் போனேன்.
கேபிள் உருளைமேல் உட்கார்ந்து மாதையன்
ஊக்கால் உள்ளங்காலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"கணக்குல ஒரு கால் விட்டுப்போச்சுங்க,
தப்பு என்மேலதான்."

"கால் இங்கதாங்க இருக்குது," என்றார் நிமிராமல்.
"முள்ளுதான் வரமாட்டேங்குது."

செல்போன் விளக்கைப் பாதத்துக்குக் காட்டினேன்.
மேலே ஒன்றும் தெரியவில்லை.
கொஞ்சம் உள்ளே தள்ளி
இருந்தது.