எழாத புகை

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
என் வேலை, எழாமல் போன புகையை எண்ணுவது.

டெட்சா மலைச்சரிவில் நாற்பத்தொரு வீடு.
வீட்டுக்கொரு களிமண் அடுப்பு,
அடுப்புக்கொரு இலக்கம்,
இலக்கத்தின் அந்தக் கோடியில்
வடகடல் கம்பெனி.
அங்கே கடலின் வயிற்றைத் துளைத்து எரிவாயு எடுக்கிறார்கள்.
அங்கே எரிந்ததற்கு ஈடாக
இங்கே எரியாததை
டன் கணக்கில் வாங்கிக்கொள்கிறார்கள்.
நடுவில் நான், லாக்சன் கலிம்புகா,
வாடகை மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில்.
மடியில் டேப்லெட். அறுபது சதவீதம் சார்ஜ்.

ஏழாம் வீட்டில்
அடுப்புக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.
"அதுக்கும் சூடு வேணுமே" என்றார் வைசன்,
சிரிக்காமல்.
அவர் வீட்டுச் சோறு இன்னும் மூன்று கல்லின் மேல்தான்.
'அடுப்பு இருக்கிறதா?' ஆம் என்று தொட்டேன்.
'எரிகிறதா?'
விரல் கொஞ்ச நேரம் கண்ணாடிமேல் நின்றது.
முட்டைக்குள் ஏதோ
எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும்.
இல்லை என்று தொட்டேன்.

பன்னிரண்டாம் வீட்டில் தியாமிகே
சோளமாவைக் கிளறிக்கொண்டே பேசினாள்.
முன்பு வாரம் மூன்று கட்டு விறகு,
இப்போது ஒன்றரை.
மிச்சமாகிற நேரத்தில் என்ன செய்கிறாய்?
இது என் கேள்வித்தாளில் இல்லாத கேள்வி.
"தூங்குகிறேன்" என்றாள்.
சொன்னதும் வெட்கப்பட்டு
"எழுதிவிடாதீர்கள்" என்றாள்.
எழுத இடமும் இல்லை.
பதினேழு கேள்விகளில் எதற்குள்ளும்
ஒரு பெண்ணின் பகல்தூக்கம் நுழையாது.

போன வருடம் இதே மைதானத்தில் பந்தல்.
இரண்டு நாட்டுக் கொடிகள்,
இரண்டு மணிநேரம் தாமதமாக ஓர் அமைச்சர்,
பிள்ளைகளுக்கு ஆரஞ்சு சோடா,
'கூட்டாண்மை' என்று பெரிய எழுத்தில் ஒரு பதாகை.
(பிற்பாடு அது யார் வீட்டுக் கூரைக்கோ போய்விட்டது,
மழை ஒழுகவில்லை என்று கேள்வி.)
கம்பெனியிலிருந்து குன்வோர் வந்திருந்தாள்,
ரப்பர் பூட்ஸ், வெயிலில் சிவந்த கழுத்து.
படம் எடுக்க மட்டும் குனிவாள் என்றுதான் நினைத்தேன்.
மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.
புகை முகத்தில் அடித்து இருமி,
கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:
"மழை பட்டால் உடையுமா?"
உடையாது என்றது எங்கள் அறிக்கை.
ஆறு அடுப்பு உடைந்தது.

டிசம்பரில் அவளிடமிருந்து ஒரு படம்.
அவள் ஊரில் இரண்டு மாதம் சூரியன் எழாதாம்.
கறுத்த கடல், கறுத்த மலை,
எதிர்த்தீவின் ஆலைக் குழாய் உச்சியில்
ஆள் உயரமோ ஆலமர உயரமோ தெரியாத ஒரு தீ.
'என் சமையலறை ஜன்னலிலிருந்து'
என்று மட்டும் எழுதியிருந்தாள்.
அது பெருமையா, பாவமன்னிப்பா,
இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.
'அழகு' என்று பதில் போட்டேன்.
வேறென்ன போடுவது?

இப்போது விடுதி அறையில் மின்சாரம் இல்லை.
ஆற்றில் தண்ணீர் குறைந்தால்
எங்களுக்கு வெளிச்சமும் குறையும்.
லிலோங்வே அலுவலகத்திலிருந்து குறுஞ்செய்தி:
அடுத்த வாரம் மாநாடு,
மேடையில் வாசிக்க எண் வேண்டும்,
நாற்பத்தொன்று என்றே வைத்துக்கொள்ளலாமா?

இருபத்தாறு என்று அடித்தேன்.
குறிப்புக்கென்று விட்டிருந்த சின்னக் கட்டத்தில்
'7: கோழி. 12: தூங்குகிறாள்'
என்று எழுதிவிட்டு
இரண்டாவதை அழித்தேன்.
கேட்டுக்கொண்டாளே.

'அனுப்பு' என்பதை அழுத்தினேன்.
வட்டம் சுற்றுகிறது. நான்கு சதவீதம்.
கொல்லைப்பக்கமிருந்து புகை வருகிறது,
கரிப்புகை, தொண்டையைக் கமறவைக்கிற புகை.
இதை எண்ண என்னை யாரும் அனுப்பவில்லை.
யாருடையது என்று எட்டிப் பார்த்தால்
விடுதிச் சமையல்காரி
என்னைத்தான் கேட்கிறாள்,
முட்டை ஒன்றா, இரண்டா?