பழைய இடத்தில்தான்

நிமிர்ந்து நிற்கச் சொல்லி வரைந்தார் மருத்துவர்.
ஊதா மை, குளிர்ந்த முனை.
தொப்புளுக்குக் கீழே நீண்ட பிறை,
மார்பு இருந்த இடத்தில் அம்புக்குறிகள்.
எங்கள் தீவில் ஆட்டுக்குட்டியின் காதில்
இப்படித்தான் அடையாளம் வெட்டுவோம்,
மலையில் எது யாருடையதென்று தெரிய.
சொன்னேன்.
டேனிஷ்காரர். சிரிக்கலாமா என்று யோசித்தார்.

இருபது வருடம் கோட்டுக்குள் மறைத்த தொப்பையை
இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்து
"அருமை" என்றவரும் அவர்தான்.

பெட்டியில் வைத்தவை:
முன்புறம் பொத்தான் வைத்த சட்டை நான்கு,
மூன்று ஹொக்னியுடையவை, டீசல் வாசனை போகாதவை.
குனியாமல் மாட்டும் செருப்பு.
கை தூக்கக் கூடாதென்றார்கள்,
முடியை முன்கூட்டியே கத்தரித்துக்கொண்டேன்.

அக்டோபர். ஆடு அறுக்கும் மாதம்.
விலாவுக்குக் கீழுள்ள மெல்லிய சதையைச் சுருட்டி
உப்பிட்டு நூலால் தைப்பது என் வேலை.
இந்த வருடம் யார் தைப்பது என்றான் ஹொக்னி.
முதலில் என்னைத் தைக்கட்டும் என்றேன்.

ஒன்பது மணி நேரம், எனக்கு ஒரு கண்சிமிட்டல்.
விழித்தபோது அறை அடுப்படி போலச் சூடு.
மணிக்கொரு தரம் செவிலி போடில் வந்து
பேனா போன்ற ஒன்றைப் புதிய சதையில் வைத்துக் கேட்பாள்.
உஷ். உஷ். உஷ்.
படகின் அடித்தட்டில் படுத்தால்
பலகைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் போகும் சத்தம்.

மூன்று மணிக்குச் சத்தம் வரவில்லை.
கருவியை நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.
கூரையில் விளக்குகளை எண்ணினேன், பதினொன்று,
மறுபடி எண்ணினேன், பதினொன்று,
உஷ்.

வயிற்றில் பால் வார்த்தாள் என்று சொல்லலாம்.
வயிறுதான் இப்போது மேலே இருக்கிறது.

நோயாளிகள் விடுதியில் பக்கத்து அறை
கிரீன்லாந்திலிருந்து பானிங்குவாக்.
தரையில் சில்லறை தேடுகிறவர்கள் போல
தாழ்வாரத்தில் நடந்தோம் இருவரும்,
பள்ளியில் திணித்த டேனிஷில் பேசிக்கொண்டு.
அவளுக்கு வீடு
இரண்டு விமானமும் ஒரு படகும் தள்ளி,
அதுவும் கடல் உறைவதற்குள்.

கழுத்தில் தொங்கும் குப்பியில் வடிந்ததை
காலையில் கோப்பையில் ஊற்றி அளந்து எழுத வேண்டும்.
மார்பு அறுபத்தைந்து. வயிறு நூற்றுப்பத்து.
முப்பதுக்குக் கீழே வந்தால் ஊர்.
மாலையில் ஹொக்னி அழைத்துக் குட்டிகளின் எடை சொல்வான்:
பதினெட்டு கிலோ. பதினாறரை.
நான் மில்லிலிட்டர் சொல்வேன்.
பன்னிரண்டு நாள் இப்படித்தான் குடும்பம் நடத்தினோம்.

சிரிப்பதைத் தவிர்க்கவும் என்றது கையேடு.
அதைப் பாதிரியார் குரலில் பானிங்குவாக் வாசிக்க
தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு
கண்ணீர் வரும்வரை தவிர்க்க முடியவில்லை.

ஒன்பதாம் நாள்தான் கண்ணாடி.
தொப்புளுக்குக் கூட வேறு வாசல் வைத்திருக்கிறார்கள்.
அம்மாவிடமிருந்து அறுத்தபோது
இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.
மார்பைத் தொட்டேன்.
விரலுக்குத் தெரிந்தது, மார்புக்குத் தெரியவில்லை.

பதின்மூன்றாம் நாள், இருபத்தெட்டு.
குழாயை உருவினார்கள்.
விமானத்தில் இடைவாருக்கும் தையலுக்கும் நடுவே தலையணை.
வாகர் ஓடுபாதை மேல் மூடுபனி,
மூன்று தடவை இறங்கப் பார்த்தது,
மூன்று தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.
விமானி மன்னிப்புக் கேட்டுக் கோபன்ஹேகனுக்கே திரும்பினார்.
பின்வரிசையில் யாரோ திட்டினார்கள்,
எங்கள் மொழியில். காதுக்கு இதமாக இருந்தது.

இரவு பதினொன்றுக்கு விடுதிக் கதவைத் திறந்தால்
சாய்வு நாற்காலியில் பானிங்குவாக்.
"எதை மறந்துவிட்டுப் போனாய்?"
நானும் தேடுகிற மாதிரி தொட்டுப் பார்த்தேன்:
மாத்திரை, தலையணை,
சட்டைக்குள் கைவிட்டு, அது.
எல்லாம் இருக்கிறது.
"அப்படியானால் உட்கார். பசிக்கிறதா?"

பசித்தது.
எங்கே என்று கவனித்தேன்.
பழைய இடத்தில்தான்.