சுவருக்கு இப்பால்

பார்னு ஊரில் பழைய மரவீடு.
நடுவில் ஒரு சுவர், இரண்டு குடித்தனம்.
அந்தப் பக்கம் லீவிகா, தார்மோ;
இருவருக்கும் காது கேட்காது.
மே மாதம் ஹெல்மி பிறந்தாள்.
அழுகை முழுக்க
எனக்கு வந்து சேர்ந்தது.

ரொட்டி ஆலையில் விடியற்காலை மூன்று மணி ஷிப்ட் எனக்கு.
தூக்கம் கெட்ட எரிச்சலில்தான் எண்ணத் தொடங்கினேன்.
ஒன்று, இரண்டு என்று போய்
பதினாறில் ஓயும். சில நாள் பத்தொன்பது.
கேட்காதவர்கள் எப்படி எழுகிறார்கள்?

செப்டம்பரில் காபிக்குக் கூப்பிட்டுக் காட்டினாள் லீவிகா.
தொட்டில் விளிம்பில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி;
குரல் பட்டால்
கட்டிலருகே விளக்கு விட்டுவிட்டு எரியும்.
'மூடிய இமைக்குள் சிவப்பாகத் தெரியும்'
என்று ரசீதின் பின்புறம் எழுதினாள்.

அக்டோபரில் கணக்கு மாறிற்று.
நான்கிலேயே நின்றது அழுகை.
நான்கு எண்ணுவதற்குள்
போர்வையை விலக்கி, செருப்பைத் துழாவி
எவராலும் தொட்டிலை எட்ட முடியாது.
யாரும் வந்திருக்கவில்லை.
வெளிச்சம் மட்டும் வந்திருந்தது.
ஐந்து மாதப் பெண்
பின்னால் வரும் கைகளை
முன்கூட்டியே வாங்கிக்கொண்டு
வாயை மூடியிருக்கிறாள்.

நான் வாரக் காப்பகத்தில் வளர்ந்தவள்.
திங்கள் விட்டால் சனி மாலை கூட்டிப் போவார்கள்.
அழவே மாட்டேனாம், அத்தனை நல்ல பிள்ளையாம்.
அம்மா பெருமையாகச் சொல்வாள்.
நானும் பெருமையாகத்தான் கேட்டேன்,
இந்த அக்டோபர் வரை.

நவம்பர் புயல் தெருவின் மின்கம்பியை அறுத்த இரவு.
ஒன்பது. பதினாறு. முப்பது.
அந்த வீட்டில் அழைப்பு மணியும் விளக்குதான்.
கதவைத் தட்டி என்ன பயன்?
சுவரைத் தட்டினேன். ஹெல்மிக்குத்தான் கேட்டது:
ஒரு கணம் நிறுத்தினாள்,
பிறகு முன்னைவிடக் கோபமாக அழுதாள்.
அவள் கேட்டது என்னை அல்ல.

நாற்பத்தொன்று.
தரைப்பலகை இரு வீட்டுக்கும் ஒன்றே என்று
அப்போதுதான் நினைவு வந்தது.
குதித்தேன்.
ஐம்பத்திரண்டு வயதில், தொண்ணூறு கிலோவோடு,
அலமாரிக் கோப்பைகள் சிணுங்கக் குதித்தேன்.

அப்புறம் தார்மோவின் தடதட நடை.
அப்புறம் காற்று மட்டும்.
எழுப்பியது நானா, குளிரா,
அல்லது தூக்கத்திலும் தொட்டில் சட்டத்தைத்
தொட்டபடி கிடக்கும் அவன் காலா,
தெரியாது.

மறுநாள் மின்சாரம் வந்துவிட்டது.
இருட்டில் படுத்திருந்தேன்.
இன்று அழுவாளா?
அழுது என்ன என்று ஒரே இரவில் கற்றிருப்பாளோ?

அழுதாள்.
ஒன்று. இரண்டு.
மூன்று.
நான்கு.

ஷிப்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.
என் அறை விளக்கைப் போட்டு
கொஞ்ச நேரம்
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.