ஐந்தாவது விரல்

நீர்வேலிச் சந்திக்குத் தெற்கே
வாழைத்தோட்டம் முடிகிற இடத்தில் என் வளவு.
சனிக்கிழமைகளில் புஸ்பகாந்தன் வருவார்,
திருநெல்வேலியில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர்.
மோட்டச்சைக்கிளின் பின்னால் கம்பிக்கூடு,
சட்டைப்பையில் ஒரு சின்ன டோர்ச்.

ஊர்க்கோழி என்றால் ஒரு விலை.
அசல் ஊர்க்கோழி என்றால் ஐந்நூறு கூட.
அந்த ஐந்நூறுக்காக
என் பொறிச்சியை மடியில் மல்லாத்தி
காணி உறுதி பார்ப்பது போலப் பார்க்கிறார்.

முதலில் கால்.
மஞ்சள் என்றால் யோசிக்க வேண்டுமாம்.
"பாசி பிடிச்ச கல்லு மாதிரி இருக்கவேணும், அக்கா."
பிறகு காதுமடல்:
வெள்ளையாய் ஒரு புள்ளி தெரிந்தால்
எங்கேயோ ஒரு லெகோன் நுழைந்திருக்கிறது.
பிறகு இறகை எதிர்த்து ஊதுகிறார்,
தோலின் நிறம் தெரிய.
பொறிச்சி கண்ணை மூடிக்கொள்கிறாள்,
பெரியாஸ்பத்திரியில் நான் மூடிக்கொண்டது போல.

"அடை கிடக்குமோ?"
கிடந்தாள். பதினொரு முட்டை, ஒன்பது குஞ்சு.
இரண்டைப் பிராந்து கொண்டுபோனது.
மூன்றாவது தடவை வந்த பிராந்து
ஒரு இறகை விட்டுவிட்டுப் போனது.
"பறக்குமோ?"
இரவில் மாமரத்தின் மூன்றாம் கிளை.
ஏணி வைத்தாலும் எட்டாது.
"அப்ப, தேப்பன்?"

நான் வேலியைக் காட்டினேன்.
மேற்குப் பக்கம், இரண்டு கதியாலுக்கு நடுவே
கிடுகு உக்கி ஒரு பொட்டு.
அந்தப் பக்கம் மரியநாயகத்தாரின் வளவு:
கழுத்தில் இறகில்லாத ஒன்று,
கொழும்பிலிருந்து பெட்டியில் வந்த வெள்ளை ஒன்று,
ஆருடையது என்று தெரியாத
ஒற்றைக்கண் சாவல் ஒன்று.
எல்லை வழக்கில்
எங்களுக்குப் பன்னிரண்டு வருடமாய்ப் பேச்சில்லை.
சாவல்களுக்கு ஒருவரும் தவணை கொடுக்கவில்லை.

அவர் சிரிக்கவில்லை.
"தாய் வழி?"

தாய், இருபாலையில் வாங்கிய முட்டை.
தாயின் தாய் என்று போனால்
கணக்கு ஓரிடத்தில் முட்டுகிறது.
தொண்ணூற்றைந்து ஐப்பசியில்
ஒரே இரவில், மழைக்குள்
கைதடிப் பக்கம் நடந்தோம்.
கூட்டைத் திறந்துவிட்டு வந்தவர்கள் உண்டு.
பூட்டிவிட்டு வந்தவர்களும் உண்டு.
நான் எதைச் செய்தேன் என்று கேட்பவர்களுக்கு
ஞாபகமில்லை என்றே சொல்லிவருகிறேன்.

ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது
கிணற்றடியில் ஏழெட்டுக் கோழிகள்,
என்னைக் கண்டதும் வேம்பில் ஏறின.
எந்த வளவின் பேடு,
எந்தக் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சாவல்,
ஆருக்குத் தெரியும்?
ஆளில்லாத ஊரில்
அவை தங்களுக்குள் பார்த்துக்கொண்டன.
இந்தப் பக்கத்து அசல் எல்லாம்
அந்த ஆறு மாதத்தின் பிள்ளைகள்.

புஸ்பகாந்தனின் காதில் இது விழவில்லை.
டோர்ச்சை அடித்து விரல் எண்ணுகிறார்.
முன்னால் மூன்று. பின்னால் ஒன்று.
அதற்கு மேலே
வானத்தைப் பார்த்து வளைந்த இன்னொன்று.
"ஐஞ்சு விரல், அக்கா. வெளிநாட்டு ரத்தம் ஓடுது."
ஐந்நூறு போயிற்று.

மிச்சக் காசை எண்ணிக்கொண்டே,
சும்மா கேட்பது போல:
"நீங்கள் பிறந்த ஊர் எது?
அங்கை எந்தப் பக்கம்?
கோயிலடியோ, குளத்தடியோ?"

அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்.
என் மகளுக்குப் பேசி வந்தவர்களும்
தேத்தண்ணீர் ஆறுவதற்குள்
இந்த டோர்ச்சைத்தான் அடித்தார்கள்.

"நான் விக்கேல்லை" என்றேன்.
"சரி, அந்த ஐந்நூறையும் போட்டுத் தாறன்."
"விக்கேல்லை, தம்பி."
பொறிச்சி அவர் கையை ஒரு கொத்துக் கொத்திவிட்டு
இறங்கி ஓடினாள்.
கூடு வெறுமையாய்க் கிலுகிலுத்துக்கொண்டு
ஒழுங்கையால் போயிற்று.

பின்னேரம் வாழைக்குத் தண்ணி மாறப் போனேன்.
ஈரச் சேற்றில் அவள் நடந்து போயிருந்தாள்,
பொட்டை நோக்கித்தான்.
குனிந்து பார்த்தேன்:
முன்னால் மூன்று, பின்னால் ஒன்று,
முன்னால் மூன்று, பின்னால் ஒன்று.

ஐந்தாவது
நிலத்தில் படுவதேயில்லை.