நிழலில் உலர்த்தவும்

பகல் முச்சூடும் என் வேலை
குற்றம் பார்ப்பது.
டியூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து
விட்டுப்போன கண்ணி, எண்ணெய்க் கறை,
தோளில் தொங்கும் எச்சு நூல்,
கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டி
அக்கட்டால தள்ளிவிடுவேன்.
எதிர் டேபிளில் மினதி.
ஒடிசாக்காரி.
என் கண்ணுக்குத் தப்பியது
அவள் கட்டைவிரலுக்குத் தப்பாது.

பொழுதோட ரூமுக்கு வந்தால் நான் வேறு ஆள்.
கோன் அடியில் மிஞ்சும் நூலை
நாலு இழை சேர்த்துக்
குரோஷா ஊசியில் கொக்கி போட்டு
யாரும் கேட்காததையெல்லாம் பின்னுவேன்.
மெஸ் அக்காவின் குக்கர் விசிலுக்கு ஒரு பாவாடை.
வாட்ச்மேன் நாச்சிமுத்து அண்ணனின் டார்ச்சுக்குக்
கழுத்து மூடின ஸ்வெட்டர்.
நாலு இட்லி, ஒன்றில் கடித்த தடம்.
சாயப்பட்டறைப் பூனைக்கு சாக்ஸ்,
அளவெடுக்கப் போய்
என் புறங்கையில் அது போட்ட கோடு
இன்னும் இருக்கிறது.

ஆனால் பாருங்க, ஒன்றையும் முடித்ததில்லை.
பாவாடைக்கு இடுப்பு இல்லை.
ஸ்வெட்டர் ஒரு பக்கம் திறந்தே கிடக்கிறது.
பூனைக்கு மூன்று காலோடு சரி.
பாதியில் கிடக்கும்வரை
எது வேண்டுமானாலும் ஆகலாம் அது.
முடிச்சுப் போட்டால்
இதுதான், இவ்வளவுதான் என்றாகிவிடும்.
கட்டைப்பை நிறைய
வால் தொங்கும் வெசனங்கள்.

"செவ்வாக்கிழமை ரயிலு" என்றாள் மினதி
டிபன் பாக்ஸை மூடியபடி.
ஏழாம் மாசம். ஊரில் போய்ப் பெற்றுக்கொள்கிறாள்.
திரும்பி வருவியா என்று நான் கேட்கவில்லை.
அவளுக்குத் தமிழ் நெம்ப நன்றாகவே வரும்.

மூன்று ராத்திரி.
பையைத் தலைகீழாகக் கவிழ்த்ததும்
முதலில் விழுந்தது யானை.
அவள் வந்த புதிதில் தொடங்கியது.
நொய்யல் அன்றைக்கு ஓடிய நிறத்தில் நூல்.
கத்தரிக்காயைக் கத்திரிக்கோல் என்று
அவள் கடையில் கேட்ட கதையைச் சொல்லச் சொல்ல
சிரித்துக் கண்ணி எண்ண விட்டதில்
தும்பிக்கை ஒரு முழம் போய்விட்டது.
பிரிக்க மனசு வரவில்லை.
நுனியில் ஒரு முடிச்சிட்டேன்,
எதையோ மறக்காமல் இருக்க
முந்தானையில் முடிகிற மாதிரி.

வயிற்றுக்குள் கட்டிங் வேஸ்ட்.
கண்ணுக்குக் காலர் பட்டன்,
ஒன்று வெள்ளை, ஒன்று நீலம்.
வாயை மூடித் தைத்தாகிவிட்டது.
பெரிய வேலை அதற்குப் பிறகுதான்:
தொங்கும் வாலை ஊசியில் கோத்து
வந்த வழியே உள்ளே திருப்பி அனுப்பி
எங்கே முடித்தேன் என்று
எனக்கே தெரியாமல் செய்வது.
கைச்சூட்டில் குக்கர் பாவாடைக்கும் இடுப்பு வந்தது.
டார்ச் குளிருக்குத் தயார்.
பூனை கிடக்கட்டும்.

விடிகாலையில், எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய
துணி லேபிள் ஒன்றை எடுத்து
யானையின் பின்புறத்தில் தைத்தேன்.
முறுக்கிப் பிழியாதீர்.
நிழலில் உலர்த்தவும்.
நெருப்புக்கு அருகில் கொண்டுசெல்லாதீர்.
இங்கிலீஷில் ஆயிரம் தடவை பார்த்த வரிகள்.
பொறக்கப் போகிற ஒன்றுக்கு
இதுக்குமேல் என்ன சொல்ல இருக்கிறது?

திருப்பூர் ஸ்டேஷன். கூட்டம்.
மூட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில்
யானையை வாங்கித் திருப்பினாள்.
தையலை ரெண்டு கட்டைவிரலால் இழுத்து
விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.
"காலு ஒண்ணு கட்டை. இது நிக்காது."
"உக்காரும்" என்றேன்.
லேபிளைப் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
பர்ஸைத் துழாவி அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து
யானைக்கு ஒட்டப்போகிறாள் என்று பார்த்தால்
என் முழங்கையில் ஒட்டி அழுத்தினாள்.
ரயில் கிளம்பியது.
ஜன்னல் கம்பியில் தும்பிக்கை மட்டும்
கொஞ்சதூரம் வெளியே ஆடிக்கொண்டு போனது.

பஸ்ஸில் கண்டக்டர் பார்த்துவிட்டார்.
"ஏனுங்க்கா, கைல என்னமோ ஒட்டியிருக்குதுங்க?"
"டேமேஜுங்க" என்றேன்.
"அனுப்பர்பாளையம் ஒண்ணு."