சுருக்குப்பை

இரவு ஒன்றரை.
செந்தூல் அடுக்குமாடியின் பதினான்காம் மாடியில்
மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்,
மைக்கில் காற்று இரைகிறது என்று
லோகேந்திரன் கத்தியதால்.

வழக்கு இதுதான்:
ஏழாம் நிலைத் திருடன் நிழல்வேலன்
சந்தை வாசலில் விளக்கு விற்பவனின்
சுருக்குப்பையை அறுத்தான்.
சரி, அது அவன் தொழில்.
நாற்பது அடி நடந்தான்.
திரும்பி வந்தான்.
அதே இடுப்பில் முடிந்துவிட்டுப் போனான்.

"திருடன் இப்படிச் செய்யமாட்டான்லா.
மனசு இளகணும்னா சாமியார் வேசம் எடுத்திருக்கணும்."
கிள்ளானிலிருந்து தர்மாம்பிகை:
"நாற்பது அடி போனான் பாரு, அங்கதான் அவன் திருடன்.
நல்லவன் போயிருக்கவே மாட்டான்."
"அப்ப திருப்பிக் கொடுத்தது யாரு?"
"அதுவும் அவன்தான். வேற யாரு இருக்கா அங்க?"

நிழல்வேலனை ஆட்டுவிக்கும் கவியரசனுக்கு
ஜின்ஜாங் டயர் கடையில் வேலை.
கடைசியாக வாய் திறந்தான்:
"பையில எண்ணெய் வாசம் அடிச்சுச்சு."
"விளையாட்டுல வாசம் ஏதுடா?"
யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் மட்டும்.

குழுத் தலைவி நான். கடைசி வாக்கு என்னுடையது.
பொருந்தவில்லை என்றால் ஒரு நிலை இறங்குவான்.
நாளைக்குச் சொல்கிறேன் என்று படுத்துவிட்டேன்.

காலை எட்டரை, மஸ்ஜித் ஜாமெக்.
வங்கியின் ஒன்பதாம் மாடி. காதில் வேறொரு மைக்.
'உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது.'
அதற்குப் பிறகுதான் தொகை.
தொகைக்குப் பிறகு தேதி.
வரிசை பிசகினால் மதிப்பெண் குறைக்க
கண்ணாடி அறைக்குள் ஓர் ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கெப்போங்கில் ஒருவர். வேனுக்கு நான்கு மாதப் பாக்கி.
பேசவில்லை.
பின்னால் சொய்ங்,
கொஞ்சம் விட்டு இன்னொரு சொய்ங்.
மாவில் முக்கிய வாழைப்பழத்தை
ஒவ்வொன்றாக விடுகிறார் போல.
"ஒரு நிமிசம்மா, கருகிடும்."

திரையில் அடுத்த வரி மின்னுகிறது.
தொலைபேசியிலும் வாசம் கிடையாது.
பதினோரு வினாடி நான் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு தொகையைச் சொன்னேன்.
தேதியையும்.

சாயங்கால ரயிலில் எதிர் இருக்கைக்காரி மடியில்
எண்ணெய் ஊறிய காகிதப் பை,
நான்கைந்து பீசாங் கோரெங் இருக்கலாம்.
கைப்பேசி அதிர்ந்தது: லோகா.
என்ன முடிவு?

எழுந்து
அடுத்தடுத்த பெட்டிகளுக்கு நடந்தேன்.
நாற்பது அடி இருக்கும்.